கூரையில் சூரியத் தகடு, சுவரில் மின்கலம்: கேலாங் வீடுகளுக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சதுர மீட்டர் இடத்திலும் ஆண்டுக்குச் சுமார் 1,580 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூரிய சக்தி விழுகிறது. அதனால் மாதந்தோறும் மின்கட்டணம் வரும்போது, "கூரையில் நான்கு சூரியத் தகடுகளைப் பொருத்தி, வீட்டில் ஒரு மின்கலத்தையும் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததே!" என்று பலருக்கும் தோன்றுவது இயல்பு. விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்று, உறவினர் வீட்டு மொட்டைமாடியில் தகடுகளைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் வலுப்படும்.

ஆனால் ஊரில் பலன் தரும் ஏற்பாடு இங்கேயும் அதே பலனைத் தரும் என்று சொல்லிவிட முடியாது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைப் புரிந்துகொள்ளக் கேலாங்கைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

மூன்று வகைக் கூரைகள்

கேலாங் சாலையின் இருபுறமும் கிளைவிடும் லோரோங்குகளில் பழைய கடைவீடுகள் உள்ளன. 1991ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தின் ஒரு பகுதி, மரபு கருதிப் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சற்றுத் தள்ளிப் போனால் ஓரிரு தளங்கள் கொண்ட தரைவீடுகள். கேலாங் பாரு, அல்ஜுனிட் கிரசென்ட், ஹேக் ரோடு பக்கம் திரும்பினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகள்.

ஆக ஒரே வட்டாரத்தில் மூன்று வகைக் கூரைகள். தரைவீட்டுக்காரருக்குக் கூரை சொந்தம். கடைவீட்டின் கூரையும் உரிமையாளருக்குச் சொந்தம்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால், அதன் ஓடுகளுக்கு மேல் எதையும் பொருத்துவதற்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்காரருக்கோ கூரையே கிடையாது. அது எல்லாருக்கும் பொதுவானது. பெரும்பாலான சிங்கப்பூரர்கள் இந்த மூன்றாவது வகையில்தான் வசிக்கின்றனர்.

கேலாங்குக்கு இன்னொரு குணமும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகுதான் இங்கே கடைகளும் உணவகங்களும் களைகட்டும். நோன்பு மாதத்தில் கேலாங் சிராய் வண்ண விளக்குகளால் ஜொலிக்கும். சூரியத் தகடுகளோ மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு யூனிட்கூடத் தருவதில்லை. பகலில் கிடைப்பதை இரவுக்கு எப்படிக் கொண்டுபோவது? மின்கலத்தைப் பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

வாயு விளக்கிலிருந்து வாயு மின்சாரம் வரை

இன்று வீட்டுக்கு வரும் மின்சாரம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். கேலாங்குக்கு அருகிலுள்ள காலாங்கில் 1862ஆம் ஆண்டில் வாயு உற்பத்தி ஆலை ஒன்று செயல்படத் தொடங்கியது. 1864 மே 24ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலாக வாயு விளக்குகள் எரிந்தன. அந்த ஆலை 1998ஆம் ஆண்டு வரை இயங்கியது.

ஆலை போய்விட்டது. ஆனால் வாயுவை நம்பி விளக்கேற்றும் நிலை மாறவில்லை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சுமார் 400 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் அது நம் வீட்டுக் கட்டணத்திலும் எதிரொலிக்கும். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விலை தாறுமாறாக உயர்ந்தபோது, மின்சாரம் விற்ற சில நிறுவனங்கள் சந்தையை விட்டே விலகியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

கரிம வரியும் படிப்படியாக ஏறுகிறது. 2019ல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது, 2024ல் 25 வெள்ளியானது. 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. ஆகவே எரிவாயு மின்சாரத்தைக் குறைப்பது சுற்றுச்சூழல் அக்கறை மட்டுமல்ல, குடும்பச் செலவு பற்றிய விஷயமும்கூட.

புளோக் கூரை மின்சாரம் யாருக்கு?

அடுக்குமாடிக் கூரைகளில் சூரியத் தகடுகள் இருப்பதை விரைவுச்சாலையில் போகும்போது பார்த்திருக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008ஆம் ஆண்டில் சிராங்கூன் நார்த், வெலிங்டன் சர்க்கிள் ஆகிய இடங்களில் சோதனையாக இதைத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து 'சோலார்நோவா' திட்டம் வகுக்கப்பட்டது. பல அரசாங்க அமைப்புகளின் கூரைகளுக்கும் சேர்த்து மொத்தமாக ஏலக்குத்தகை விட்டால் விலை குறையும் என்பதே அதன் அடிப்படை.

"எங்கள் புளோக்கின் மேலே தகடு இருக்கிறதே, எங்கள் கட்டணம் ஏன் குறையவில்லை?" என்று குடியிருப்பாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர் இறைக்கும் பம்பு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகிறது. மிச்சம் நாட்டின் மின்கட்டமைப்பில் சேர்க்கப்படுகிறது. தகடுகளைப் பொருத்திப் பராமரிப்பது தனியார் நிறுவனம். நகர மன்றம் அதனிடமிருந்து மின்சாரத்தை வாங்குகிறது. ஆகவே பலன், வீட்டு மின்கட்டணத்தில் தெரியாது. நகர மன்றத்தின் செலவில் தெரியும்.

ஏன் வீடுகளுக்கே தரக்கூடாது? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 12 மாடி புளோக் ஒன்றில் 120 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை போக, கூரையில் 60 கிலோவாட் தகடுகள் பொருத்த முடிந்தால், மாதத்துக்குச் சுமார் 6,000 யூனிட் கிடைக்கும். நான்கறை வீடு ஒன்றுக்கு மாதம் 370 யூனிட் என்று கொண்டால், 120 வீடுகளுக்கும் 44,400 யூனிட் வேண்டும். கூரை தருவது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் மேல்நோக்கி அடுக்கடுக்காக வாழ்கிறார்கள். சூரிய ஒளி மட்டும் ஒரே ஓர் அடுக்கில்தான் விழுகிறது!

நாடு முழுவதற்கும் இதே சிக்கல்தான். 2030ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 2 கிகாவாட் சூரிய மின்சாரம் என்ற இலக்கு 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2 கிகாவாட் என்பது சுமார் 350,000 குடும்பங்களின் ஓராண்டுத் தேவை. ஆனாலும் நாட்டின் மொத்த மின்தேவையில் அது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். இடமில்லாத காரணத்தால்தான் தகடுகள் தண்ணீருக்கும் போயின. 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியப் பண்ணையில் 122,000 தகடுகள் உள்ளன.

சொந்தக் கூரை உள்ளவர்களின் கணக்கு

தரைவீடு அல்லது கடைவீடு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. ஒரு கிலோவாட் தகடு பொருத்த சுமார் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது சிங்கப்பூரில் மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட் தரும். ஐந்து கிலோவாட் பொருத்தினால் 500 யூனிட்.

தகடுக்குத் தேவை ஒளியே, வெப்பமன்று. சூடு ஏற ஏற அதன் திறன் குறையும். அதனால் ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டம் இருக்க வேண்டும். சற்றே சாய்வாகப் பொருத்தினால் மழையே தூசியைக் கழுவிவிடும். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்து நிழல் விழுந்தால் வருமானம் பெருமளவு குறையும். பத்து மாடிக் கட்டடத்துக்கு அருகே இரண்டு மாடிக் கடைவீடு நிற்கும் கேலாங்கில் இதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

வீட்டில் பயன்படுத்தியது போக மீதமாகும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு அனுப்பலாம். வழக்கமான கட்டண விகிதத்தில் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு, அந்த விகிதத்திலிருந்து மின்கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதித் தொகை கணக்கில் வரவு வைக்கப்படும். வெளிச் சந்தையில் மின்சாரம் வாங்குவோருக்கு ஏற்பாடு வேறு. ஒப்பந்தம் போடும் முன் அதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

ஓர் உதாரணம். ஒரு யூனிட்டை 30 காசுக்கு வாங்குவதாகவும், 21 காசுக்கு விற்பதாகவும் கொள்வோம். 500 யூனிட்டில் 150 யூனிட் பகலில் வீட்டிலேயே செலவானால் 45 வெள்ளி மிச்சம். மீதி 350 யூனிட்டை விற்றால் 73 வெள்ளி 50 காசு. மாதத்துக்கு ஏறக்குறைய 118 வெள்ளி, ஆண்டுக்கு 1,400 வெள்ளிக்குச் சற்று மேல். பொருத்தும் செலவு 10,000 வெள்ளி என்றால் ஏழாண்டுகளில் போட்ட பணம் திரும்பும். தகடு 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியது. அதைத் தயாரிக்கச் செலவான சக்தியையும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஈடுகட்டிவிடும். நிழல் இல்லாத சொந்தக் கூரைக்குத் தகடு நல்ல முதலீடு என்பதில் ஐயமில்லை.

மின்கலம் வாங்கினால் லாபமா?

இனிதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. தகடு நல்லது என்றால், கூடவே மின்கலமும் நல்லதுதானே? விற்பனையாளர் தரும் விளம்பரத்தாள்களும் அப்படித்தான் சொல்லும்.

மேலே சொன்ன அதே விலைகளை வைத்துக் கணக்கிடுவோம். பகலில் மிஞ்சும் 10 யூனிட்டை மின்கலத்தில் ஏற்றி இரவில் எடுத்தால், சேதாரம் போக 9 யூனிட் கையில் நிற்கும். அதன் மதிப்பு 2 வெள்ளி 70 காசு. அந்த 10 யூனிட்டை விற்றிருந்தால் 2 வெள்ளி 10 காசு. வித்தியாசம் 60 காசு. நாள் தவறாமல் இப்படிச் செய்தால் ஆண்டுக்கு 219 வெள்ளி. மின்கலத்தின் விலை 6,000 வெள்ளியாக இருந்தால், முதல் திரும்ப 27 ஆண்டுகள் பிடிக்கும். மின்கலத்துக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதமோ பத்தாண்டுகள்தான்.

பணத்தை விடுங்கள், பூமிக்காவது நன்மை உண்டா என்று கேட்கலாம். நம் கூரையில் மிஞ்சி வெளியே போகும் மின்சாரம் வீணாவதில்லை. அது பக்கத்துக் கடையின் குளிர்பெட்டியை ஓட்டும். அந்த அளவுக்கு எங்கோ ஒரு மின்நிலையத்தில் எரிவாயு எரிவது குறையும். அதே மின்சாரத்தை வீட்டில் சேமித்து வைத்தால் பத்தில் ஒரு யூனிட் சேதாரமாகிவிடும். மின்கலத்தைத் தயாரிப்பதில் வெளியான கரியமில வாயுவும் கணக்கில் சேரும். ஆகவே இன்றைய சிங்கப்பூரில், மின்கட்டமைப்புடன் இணைந்த வீட்டுக்குத் தனி மின்கலம் கரிமத்தைக் குறைக்கும் கருவி என்று சொல்வதற்கில்லை. மின்கட்டமைப்பே ஒரு பெரிய மின்கலம் போல நமக்கு உதவுகிறது.

மின்தடைக்கு உதவுமே என்பது அடுத்த வாதம். சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏற்படும் மின்தடை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மின்தடை ஏற்பட்டால், சாதாரணமாக இணைக்கப்பட்ட சூரியத் தகடுகளும் தாமாகவே நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தடையின்போதும் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமானால், மின்கலத்துடன் அதற்கென்றே தனிக் கருவியும் பொருத்த வேண்டும்.

ஊரில் ஏன் வேண்டும்?

அப்படியானால் தமிழ்நாட்டில் மின்கலம் வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டார்களா? இல்லை. 2012ஆம் ஆண்டு வாக்கில் அங்கே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. பிள்ளைகள் படிக்கவும் மின்விசிறி சுழலவும் இன்வர்ட்டரும் பேட்டரியும் இன்றியமையாதவையாயின. 2011ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் தரப்பட்டதன் பின்னணியும் அதுவே. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் இந்திய அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் மூன்று கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது.

இலங்கையின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 2022ல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைத் தாங்கிய நாடு அது. கூரைத் தகடுகள் பெருகிய பிறகு, 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, பகலில் மின்சாரம் தேவைக்கு மேல் சேரும் நிலை உருவானது. கூரைத் தகடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. வெயில் இருந்தும் சேமிக்க இடமில்லாத நிலை! அத்தகைய இடத்தில் மின்கலத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

சிங்கப்பூரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. புலாவ் உபின் தீவுக்கு மின்கட்டமைப்பு இணைப்பு இல்லை. குடியிருப்பாளர்களும் கடைக்காரர்களும் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தனர். 2013ஆம் ஆண்டில் எரிசக்திச் சந்தை ஆணையம் படகுத்துறைக்கு அருகே சூரிய மின்சாரத்தைக் கொண்ட சிறு மின்கட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியது. கம்பி எட்டாத இடத்தில் சேமிப்பின் அருமை தெரியும்.

நாட்டுக்கு வேண்டும்

வீட்டுக்கு அவசியமில்லாத மின்கலம் நாட்டுக்கு அவசியமாகிறது. சிங்கப்பூர் சிறிய தீவு. கருமேகம் ஒன்று நகர்ந்து வந்தால் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கூரைகளில் உற்பத்தி சரியும். எரிவாயு இயந்திரத்தை நினைத்த நொடியில் முடுக்கிவிட முடியாது. மின்கலம் கண்ணிமைக்கும் நேரத்தில் கைகொடுக்கும்.

அதற்காகவே ஜூரோங் தீவில் 200 மெகாவாட் திறனும் 285 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டமைப்பு 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அப்போது தென்கிழக்காசியாவிலேயே ஆகப் பெரியது அதுதான். இரண்டு ஹெக்டர் நிலத்தில், ஆறே மாதங்களில் உருவானது. ஒருமுறை முழுதாக மின்சாரம் ஏற்றினால், நான்கறை வீடுகள் சுமார் 24,000க்கு ஒரு நாள் தேவையை அது நிறைவேற்றும். கேலாங்கின் இரவு விளக்குகளைப் பகல் வெயிலால் ஏற்ற வேண்டுமானால், வீட்டுக்கு வீடு மின்கலம் வைப்பதைவிட இத்தகைய பொதுச் சேமிப்பே சிக்கனமான வழி.

கூரை இல்லாதவர் என்ன செய்யலாம்?

அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "நமக்கு இதில் பங்கில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குளிர்சாதனத்துக்கே போகிறது. படுக்கையறையில் குளிர்சாதனம் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட் செலவாவதாகக் கொள்வோம். மின்விசிறிக்கு 0.4 யூனிட் போதும். ஒரு மாதத்துக்கு வித்தியாசம் 132 யூனிட். இது 450 வாட் சூரியத் தகடுகள் மூன்று சேர்ந்து ஒரு மாதத்தில் தரும் மின்சாரத்துக்குச் சமம். கூரையே இல்லாத குடும்பம் மூன்று தகடுகளைப் பொருத்திய மாதிரிதான்! கரியமில வாயுவிலும் 50 கிலோவுக்கு மேல் குறையும்.

முதியோரும் கைக்குழந்தைகளும் புழுக்கத்தில் வாட வேண்டும் என்பதல்ல. தூங்கும்வரை குளிர்சாதனத்தை ஓட்டி, பிறகு மின்விசிறிக்கு மாறலாம். வெப்பநிலையை 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, கூடவே மின்விசிறியையும் போட்டுக்கொள்ளலாம். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவலாம். தண்ணீர்ச் சூடேற்றியைக் குளித்து முடித்ததும் அணைக்கலாம்.

வீட்டுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி உலர்த்தும் பழக்கமும் சூரிய சக்திதான். அதற்கு மின்கலமும் தேவையில்லை, உரிமமும் தேவையில்லை. உலர்த்தும் இயந்திரம் வாங்க நினைக்கும் இளம் குடும்பங்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பழைய குளிர்பெட்டியை மாற்றும்போது முத்திரையில் எத்தனை 'டிக்' குறிகள் என்று பார்ப்பது முக்கியம். இதற்கு உதவியாகப் பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் தரப்படுகின்றன. 2024 ஏப்ரலில் வீவக குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளி தரப்பட்டது. 2025 ஏப்ரலில் கூடுதலாக 100 வெள்ளி சேர்க்கப்பட்டு, தனியார் வீடுகளுக்கும் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 2027ஆம் ஆண்டு இறுதி வரை இவை செல்லும்.

பாதுகாப்பை மறக்க வேண்டாம்

எல்லாம் அறிந்த பிறகும் மின்கலம் வேண்டும் என்று தரைவீட்டுக்காரர் ஒருவர் முடிவு செய்யலாம். மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர் வீட்டில் இருந்தால் அது நியாயமான முடிவே. அப்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. லித்தியம் மின்கலங்களில் இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் தீப்பற்றாதது, நீண்ட காலமும் உழைக்கும். பழைய ஈய அமில வகை மலிவு என்றாலும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். படுக்கையறையிலும், வெளியேறும் வழியிலும், வெயில் நேராகப் படும் இடத்திலும் மின்கலத்தை வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். பழைய மின்ஸ்கூட்டர் மின்கலங்களைச் சேர்த்து வீட்டிலேயே சேமிப்புக் கருவி செய்து பார்ப்பது விபரீதத்தில் முடியலாம்.

விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. பத்தாண்டுகள் கழித்து மின்கலம் எத்தனை விழுக்காடு கொள்ளளவுடன் இருக்கும்? மின்தடையின்போது வேலை செய்யுமா? நிழலைக் கணக்கில் எடுத்தீர்களா? பழுதானால் எடுத்துச் செல்வது யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரத் தயங்குபவரிடம் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே நல்லது.

சூரியத் தகடுகளின் விலையும் மின்கலங்களின் விலையும் கடந்த பல ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்று கட்டுப்படியாகாதது நாளை கட்டுப்படியாகலாம். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி கூடினாலோ, மின்கலத்தின் விலை பாதியானாலோ மேலே சொன்ன கணக்கு மாறிவிடும். அதுவரை வரிசை இதுதான்: முதலில் வீணாவதைக் குறைப்பது, அடுத்து கூரை இருந்தால் தகடு, கடைசியாகத் தேவை இருந்தால் மட்டும் மின்கலம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரிய மின்கலத்தை வாங்கி மாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் குளிர்சாதனத்தை ஓட்டினால் பயனடையப்போவது விற்பனையாளர் மட்டுமே.